கல்லைப் புரட்டினால் கோடு: நாஸ்கா பாலை ஓவியங்கள் நிலைத்தது எப்படி?

பெரு நாட்டின் தெற்கே, நாஸ்கா, பால்பா ஊர்களுக்கு நடுவே கிடக்கும் பொட்டலில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள் (நிஜத்தில் கை வைக்க விடமாட்டார்கள், மனதளவில் புரட்டுங்கள்). கல்லின் மேல்பக்கம் கருஞ்சிவப்பு. பல்லாயிரம் ஆண்டுகளாக அதன்மேல் படிந்த இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் தந்த நிறம் அது. கல் இருந்த இடத்தில் வெளிர் மஞ்சள் மண்.

பாலைத் தரையில் பிரம்மாண்டமாக வரையப்பட்ட உருவங்களும் நேர்கோடுகளும்தான் நாஸ்கா கோடுகள். அவற்றின் நுட்பம் மொத்தமும் இந்த நிற வேறுபாட்டில்தான் இருக்கிறது. கற்களைப் பொறுக்கி இரு ஓரமும் வரப்பாகக் குவித்தால் நடுவில் வெளிர்கோடு தெரியும். ஆழம் பெரும்பாலும் 10 முதல் 15 சென்டிமீட்டர்தான். இப்படித்தான் ஏறத்தாழ 46 மீட்டர் நீளச் சிலந்தியும், 90 மீட்டரைத் தாண்டும் ரீங்காரச் சிட்டும் (ஹம்மிங்பேர்டு) உருவாகின. வரைந்தவர்கள் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த நாஸ்கா மக்கள்.

இவ்வளவு ஆழமில்லாத கோடு மழைக்குக் கரைந்திருக்க வேண்டாமா? மழை பெய்தால்தானே! கிழக்கே ஆண்டிஸ் மலைத்தொடர் அமேசான் பக்கத்து ஈரத்தை மறித்துவிடுகிறது. மேற்கே பசிபிக் கரையோரமாக ஓடும் ஹம்போல்ட் குளிர்நீரோட்டம் காற்றின் அடிப்பகுதியைக் குளிர்விப்பதால், அது மேலெழும்பி மழைமேகமாகத் திரள்வதில்லை. காற்று பலமாக வீசும்தான். ஆனால் பொடிமண்ணை அது எப்போதோ ஊதித் தள்ளிவிட்டது. மிஞ்சியவை அதனால் தூக்க முடியாத கற்கள்.

இவ்வளவு பெரிய உருவங்களை, மேலிருந்து பார்க்காமல், பறக்காமல் எப்படி வரைந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 1968இல் எரிக் ஃபான் டேனிகன் என்ற எழுத்தாளர் வேற்றுக்கிரகவாசிகளை இழுத்து வந்தது முதல் இந்தக் கேள்விக்குத் தனி மவுசு. உண்மையில் இது மனையில் கயிறு கட்டி முளையடிக்கும் கொத்தனாருக்குக் கைவந்த வேலை. 1982இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஜோ நிக்கல் என்ற ஆய்வாளர், உறவினர் சிலரைக் கூட்டிக்கொண்டு, வெறும் மரமுளைகளும் கயிறும் வைத்து 440 அடி நீள நாஸ்கா காண்டர் கழுகை ஒரு வயலில் அப்படியே வரைந்து காட்டினார். வானத்திலிருந்து யாரும் வழிசொல்லவில்லை.

எதற்காக வரைந்தார்கள் என்பதுதான் கடினமான கேள்வி. 1941இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் பால் கோசோக், சூரியன் ஒரு கோட்டின் முனையில் மறைவதைக் கண்டு, இது வானியல் நாட்காட்டி என்றார். ஜெர்மானியக் கணித அறிஞர் மரியா ரைகே அந்தக் கருத்தைப் பற்றிக்கொண்டு ஆயுள் முழுக்க அங்கேயே தங்கி, துடைப்பத்தால் கோடுகளைக் கூட்டி, அளந்து, காத்தார். ஆனால் வானியலாளர் ஜெரால்டு ஹாக்கின்ஸ் கோடுகளின் திசைகளைக் கணினியில் சோதித்தபோது, வான்பொருள்களோடு தற்செயலாகப் பொருந்தக்கூடிய அளவைவிடக் கூடுதலான பொருத்தம் எதுவும் தெரியவில்லை.

என் பார்வையில், நடந்து போவதற்கான பாதைகள் என்ற விளக்கமே வலுவானது. சிலந்தி, குரங்கு போன்றவை பெரும்பாலும் தன்னைத் தானே வெட்டாத ஒரே கோட்டால் ஆனவை. ஒரு முனையில் நுழைந்தால் உருவத்தைச் சுற்றி மறுமுனையில் வெளியேறலாம். கோடுகளின்மேல் உடைந்த பானைத் துண்டுகள் கிடக்கின்றன. பால்பாவில் கோடுகளையொட்டிய கல்மேடைகளில், வெதுவெதுப்பான கடலில் மட்டும் வளரும் ஸ்பாண்டிலஸ் சிப்பிகள் கிடைத்தன. ஆண்டிஸ் மக்களுக்கு அவை மழையோடும் நீரோடும் தொடர்புடைய படையல்.

2024இல் ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகக் குழு இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. வான்படங்களில் தெரிந்த உருவங்களைக் காட்டிச் செயற்கை நுண்ணறிவைப் பழக்கினார்கள். அது சுட்டிய இடங்களை ஆட்கள் சலித்தெடுத்து, நேரில் போய்ச் சரிபார்த்தார்கள். ஆறே மாதக் கள ஆய்வில் 303 புதிய உருவங்கள்; அதற்கு முன் தெரிந்தவை 430. புதியவற்றில் பெரும்பாலானவை சராசரி 9 மீட்டர் அளவில் சிறியவை; மனிதர், தலைகள், வளர்ப்பு விலங்குகள். ஒற்றையடிப் பாதைகளை ஒட்டி இருப்பதால் வழிப்போக்கர் கண்ணில் படும். காட்டு விலங்குகள் நிறைந்த பெரிய உருவங்களோ, பலர் கூடி நடந்த நேர்கோட்டுப் பாதைகளின் அருகே இருக்கின்றன.

கோட்டைக் காப்பாற்றும் அதே தரை, காலடித் தடத்தையும் அழிக்காமல் வைத்துக்கொள்கிறது. 2014 டிசம்பரில் ரீங்காரச் சிட்டின் அருகே கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினர் துணி எழுத்துகளை விரித்துவிட்டுப் போன தடத்தால் பெரு அரசு கொதித்தது. 2018 ஜனவரியில் ஒரு லாரி சாலையை விட்டு இறங்கி மூன்று கோடுகளைச் சிதைத்தது. பான் அமெரிக்கன் நெடுஞ்சாலையோ, அங்கே கோடுகள் இருப்பதை யாரும் பொருட்படுத்தாத காலத்திலேயே பல்லி உருவத்தின் நடுவே போடப்பட்டுவிட்டது.