கண்ணைக் கட்டிக்கொண்டு குழி தோண்டும் இறால்

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பவளப்பாறை பாடம் நடத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டை இங்கே 'பார்' என்பார்கள், களவா மீன் பாரில்தான் படும் என்பது ஆறாம் வகுப்புப் பையனுக்கே தெரியும், ஆனால் உயிருள்ள பவளத்திட்டைப் பார்த்தவர் வகுப்பில் யாரும் கிடையாது. அதற்கு மன்னார் வளைகுடாத் தீவுகள் பக்கம் போகவேண்டும். அதனால் அங்கே உயிர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வாழும் பாடம் ஒரு அட்டவணையாகச் சுருங்கிவிடுகிறது: ரெண்டு பேருக்கும் லாபம், ஒருத்தருக்கு மட்டும் லாபம், ஒட்டுண்ணி. தகவமைப்பு, அதாவது வாழும் முறைக்கு ஏற்ப உடம்பு அமைவது, இன்னொரு பக்கத்தில் தனியாகக் கிடக்கும். இந்த ரெண்டையும் பிரித்ததுதான் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லோரும் கோமாளி மீனில் ஆரம்பிப்பார்கள். அது பிள்ளைகளுக்குப் புளித்துப் போய்விட்டது. நான் எடுத்துக்கொண்டது சொடுக்கு இறால். பவளத்திட்டை ஒட்டிய மணலில் வளை தோண்டி வாழும் இந்த இறாலுக்குக் கண் பார்வை மட்டம். மண் அள்ளி வெளியே கொட்ட வரும்போது எந்த மீன் வாய் திறந்து நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. வளை வாசலில் ஒரு உளுவை மீன் காவல் நிற்கும், அதற்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் அப்படி ஒரு வளை தோண்ட வராது. வெளியே இருக்கும் நேரமெல்லாம் இறால் தன் நீண்ட மீசையை உளுவையின் மேல் வைத்தபடியே இருக்கும். ஆபத்து என்றால் உளுவை வாலைப் படபடவென்று அடிக்கும், இறால் உள்ளே போய்விடும், நிலைமை மோசமானால் உளுவையும் பின்னாலேயே பாயும்.

இதைக் கடற்கரை மணலில் விளையாட்டாகவே செய்தோம். ஒருத்தன் இறால்: கண்ணில் துண்டு, ஒரு கையில் சிரட்டை, மறு கை உளுவையாக நிற்பவன் தோளில். மூன்றாமவன் களவா. தோளிலிருந்து கையை எடுத்தால் அடுத்த நிமிஷமே பிடிபட்டான். இறாலுக்கு மீசை ஏன் அவ்வளவு நீளம் என்று அதற்கப்புறம் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

சரி, பவளத்துக்கு வருவோம். பவளம் செடியும் இல்லை கல்லும் இல்லை, அது பூச்சி மாதிரி ஒரு சின்ன விலங்கு. கல் அது கட்டிய வீடு. அதன் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. விலங்கு விடும் கரியமில வாயுவையும் கழிவையும் எடுத்துக்கொண்டு, வெயிலில் உணவு தயாரித்து, பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரைகூடப் பாசியே கொடுத்துவிடுகிறது. பவளத்திட்டு வெளிச்சம் விழும் ஆழமில்லாத கடலில் கிடப்பதற்கும், பல பவளங்கள் மரக்கிளை போல விரிவதற்கும் காரணம் இந்தக் குடித்தனக்காரன்தான். தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாகி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், பாசிக்குள் நச்சு சேர்கிறது, பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது, வெளுத்துப்போகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இது நடந்தது. வெளுத்ததும் செத்துவிடாது, சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், இல்லாவிட்டால் பட்டினிதான்.

விளையாட்டில் ஒரு குறும்பன் களவா வந்தும் தோளை அசைக்காமல் நின்றான். அடுத்த முறை இறால் பையன், "சார், இவன் தோள்ல கை வைக்கமாட்டேன், வேற ஆள் தாங்க" என்று ஒதுங்கிவிட்டான். பெரிய மீன்களின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணி பொறுக்கித் தின்னும் துப்புரவு மீனும் சிலசமயம் இப்படித்தான், ஒட்டுண்ணியை விட்டுவிட்டு ருசியான சளியைக் கடித்துவிடும். கடிபட்ட மீன் அதைத் துரத்தும், இல்லையென்றால் வேறு துப்புரவு மீனைத் தேடிப் போய்விடும்.