மூன்று ரூபாய் இருபது பைசாவுக்காக நின்றுபோன ஐயாயிரம்

தாராவி 90 அடி ரோட்டில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சி ஒருவருக்கு நான்தான் ஜி.எஸ்.டி கணக்கு பார்க்கிறேன். போன மாதம் ஒரு பில்லோடு வந்தார். சூரத்துக்குப் போன சரக்கு. வரியோடு சேர்த்து பாக்கெட் 10 ரூபாய் என்று பேசி, 500 பாக்கெட் ஸ்க்ரூ. ஆர்டரில் 5000, பில்லில் 5003.20. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று வாங்கியவர்கள் மொத்தப் பணத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

"மூணு ரூவாய்க்கா சார் இவ்வளவு?"

வரி 18 சதவீதம். 10-ஐ 1.18-ஆல் வகுத்தால் அடிப்படை விலை 8.474576 என்று வரும். பில் போட்டது அவர் மகன், காமர்ஸ் படிக்கிற பையன். இரண்டு தசமத்துக்குச் சுருக்க வாலிலிருந்து ஆரம்பித்திருக்கிறான்: 8.47458, 8.4746, 8.475, கடைசியில் 8.48. ஒவ்வொரு படியும் சரிபோலத்தான் தெரியும். விடை தப்பு. எந்த இடத்துக்கு முழுமையாக்குகிறோமோ (ரவுண்ட் செய்கிறோமோ) அதற்கு அடுத்த இலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். இங்கே அது 4, ஐந்துக்குக் குறைவு. ஆக 8.47. பின்னால் வரும் 576-க்கு இதில் பேச்சே இல்லை. அனுபவமுள்ள கணக்கர்களே இந்தப் படிக்கட்டில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் 8.47 போட்டாலும் அண்ணாச்சி தப்பவில்லை. 500-ஆல் பெருக்கி வரி சேர்த்தால் 4997.30, இப்போது நஷ்டம் அவருக்கு. ஒரு பாக்கெட்டில் அரைப் பைசாகூட இல்லாத பிசகு, 500 மடங்காகிவிடுகிறது. விலையை நான்கு தசமம் வரை, 8.4746 என்று வைத்துப் போட்டால் 5000.01. அதாவது பெருக்குவதற்கு முன்னால் சுருக்காதீர்கள். சுருக்குவதைக் கடைசி வரியில், ஒரே ஒரு தடவை செய்யுங்கள்.

சின்னப் பிசகு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு கனடாவின் வான்கூவர் பங்குச்சந்தை சாட்சி. 1982-இல் 1000 புள்ளியில் தொடங்கிய குறியீட்டை, ஒவ்வொரு கணக்கீட்டிலும் மூன்று தசமத்துக்கு மேல் வெட்டி எறிந்தார்கள். முழுமையாக்கவில்லை, வெட்டினார்கள். 1983 நவம்பரில் குறியீடு 520 பக்கம் கிடந்தது. திருத்திப் பார்த்தால் 1098.892!

எக்செல்லில் இதற்கு நேர்மாறான வம்பு. கட்டத்தில் 8.47 என்று தெரியும்படி வைத்தாலும் உள்ளே சுருக்காத 8.474576 தான் இருக்கும், கூட்டல் பொருந்தாது. மதிப்பையே மாற்ற ரவுண்ட் சூத்திரம் வேண்டும். அதையும் கடைசியில்தான்.

சட்டத்திலும் முழுமையாக்கும் இடம் ஒன்றல்ல. ஜி.எஸ்.டி சட்டம் 170-ஆம் பிரிவுப்படி, கட்டவேண்டிய வரி அருகிலுள்ள ரூபாய்க்கு. 50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாய். வருமான வரியிலோ பத்து ரூபாய்க்கு.

பையன் மென்பொருளில் விலையின் தசம இடத்தை இரண்டிலிருந்து நான்காக மாற்றினான். புதுப் பில்லில் கடைசிக்கு முந்தைய வரி: 'ரவுண்ட் ஆஃப் -0.01'. அண்ணாச்சி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"அந்த ஒரு பைசாவையும் நாமதான் விடணுமா?"