எடை நின்றுபோகும் மாதத்தில் ஆலோசனையை நிறுத்தாதீர்கள்

எடையைக் குறைக்க வேண்டும் என்று உணவு ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் முதல் இரண்டு மாதங்களும் தவறாமல் வருகிறார்கள். நான்காவது அல்லது ஐந்தாவது மாதத்தில், ஐந்தாறு கிலோ குறைந்து அதற்கு மேல் இறங்காமல் எடை ஒரே இடத்தில் நிற்கத் தொடங்கியதும் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். நாங்களாகத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், "டயட்டை விட்டுட்டேன் மேடம், எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை" என்கிறார்கள், அல்லது "மெஷின்ல அதே நம்பர்தான் காட்டுது, எந்த முகத்தோட வர்றது?" என்று தயங்குகிறார்கள். சென்னையில் உணவியல் ஆலோசகராகப் பணியாற்றும் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இந்தத் தயக்கம்தான். ஆலோசனை மிக அதிகமாகத் தேவைப்படும் மாதத்தில், தேர்வில் தோற்ற மாணவர்களைப் போல அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

அந்த மாதத்தில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் இந்த வெட்கத்தில் பாதி குறையும். நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரை சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. சோற்றையும் இனிப்பையும் குறைத்தவுடன் இந்தச் சேமிப்பு கரைந்து, அதோடு சேர்ந்த தண்ணீரும் வெளியேறுவதால், முதல் இரு வாரங்களில் இரண்டு கிலோ வரை சட்டென்று இறங்கிவிடுகிறது. அதைக் கொழுப்புக் குறைந்த வேகமென்று நம்பி, மாதத்துக்கு நான்கு கிலோ என்று கணக்குப் போடுபவர்கள், உண்மையான கொழுப்புக் குறைப்பின் மெதுவான வேகத்தை மூன்றாம் மாதத்தில் பார்க்கும்போது ஏமாற்றமடைகிறார்கள்.

இதற்கும் மேலாக, எடை குறையக் குறைய உடலின் செலவு குறைகிறது, பசியோ கூடுகிறது. அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய கெவின் ஹால் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவிடும் ஆற்றல் நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது. சாப்பிடத் தூண்டும் பசியோ ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. ஆறு கிலோ குறைத்த ஒருவர், தொடங்கிய நாளில் இருந்ததைவிட 600 கலோரி அளவு அதிகப் பசியோடு, அன்றைய அதே உணவுப் பட்டியலைக் கடைப்பிடிக்க முயல்கிறார் என்பதே இதன் பொருள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் நடந்து 2011-இல் வெளியான மற்றோர் ஆய்வு, எடை குறைத்து ஓராண்டு கழிந்த பிறகும் லெப்டின், கிரெலின் போன்ற பசி சார்ந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டியது. "முதல் மாதம் இருந்த உறுதி இப்போது இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது, அவருடைய உறுதி குறைந்துவிட்டதாக நான் எடுத்துக்கொள்வதில்லை. அன்று தேவைப்பட்டதைவிட இன்று பல மடங்கு உறுதி அவரிடம் கேட்கப்படுகிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சென்னையில் இந்தச் சிக்கலோடு நாட்காட்டியும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளைகளின் பள்ளி திறந்து வீடு ஒழுங்குக்கு வரும் ஜூன் மாதத்தில் பலரும் தொடங்குகிறார்கள். அவர்களுடைய எடை இறங்காமல் நிற்கும் நான்காம், ஐந்தாம் மாதங்கள் அக்டோபரிலும் நவம்பரிலும் வந்து விழுகின்றன. அதே வேளையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, தெருவில் தண்ணீர் தேங்கி, நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ பெசன்ட் நகர்க் கடற்கரையிலோ நடந்துகொண்டிருந்தவர்களின் காலை நடை வாரக்கணக்கில் தடைபடுகிறது. தீபாவளிப் பலகாரங்கள் டப்பா டப்பாவாக வீடு வந்து சேர்கின்றன. அது முடிந்தால் மார்கழிப் பொங்கல் பிரசாதமும் சபா கேன்டீனும் காத்திருக்கின்றன. ஜனவரியில் உறுதி எடுப்பவர்களுக்கோ அதே கட்டம் மே மாதத்தில், கத்திரி வெயிலிலும் மாம்பழப் பருவத்திலும் விருந்தினர் வருகையிலும் வந்து சேர்கிறது. உடல் தானாகவே எடைக் குறைப்பை எதிர்த்து நிற்கும் மாதமும், வெளிச்சூழல் சற்றும் ஒத்துழைக்காத மாதமும் ஒன்றாக வரும்போது மனம் சோர்வதில் வியப்பு எதுவும் இல்லை. ஆகவே புதிதாக வருபவர்களிடம் முதல் சந்திப்பிலேயே இந்த மாதங்களைக் குறித்துக் காட்டிவிடுகிறேன்.

இலக்கைப் பற்றியும் பேச வேண்டும், ஏனெனில் சோர்வின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. 155 சென்டிமீட்டர் உயரமும் 82 கிலோ எடையும் கொண்ட, நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உயரத்திலிருந்து நூறைக் கழிக்கும் பழைய கணக்கும் அவருக்கு 55 கிலோ என்கிறது, எடையை உயரத்தோடு ஒப்பிடும் பி.எம்.ஐ. என்ற அளவில் இந்தியர்களுக்கான வரம்பான 23-ஐ வைத்துக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ அதே 55 கிலோதான் வருகிறது. அந்த எண்ணை மனத்தில் பதித்துக்கொண்டவர் ஐந்து மாதங்களில் 76 கிலோவுக்கு வந்திருந்தாலும், "இன்னும் 21 கிலோ இருக்கிறதே" என்ற ஒன்றுதான் அவருக்குத் தெரிகிறது. உண்மையில் அவர் தம் எடையில் 7 சதவீதத்துக்கு மேல் குறைத்துவிட்டார். அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உயர் ஆபத்தில் இருந்தவர்களுக்கு 7 சதவீத எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியுமே இலக்காக வைக்கப்பட்டன; அந்தக் குழுவில் நீரிழிவு புதிதாக வருவது 58 சதவீதம் குறைந்தது. மருத்துவம் எந்த அளவை வெற்றி என்று எண்ணுகிறதோ அந்த அளவைத் தொட்டுவிட்ட ஒருவர், தோற்றுவிட்டதாக நினைத்து எல்லாவற்றையும் கைவிடுவதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் ஊரிலேயே கிடைத்த சான்று இதைவிடவும் முக்கியமானது என்பது என் கருத்து. சென்னையைச் சேர்ந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் கலந்துகொண்டனர். மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் சீர்செய்துகொண்ட குழுவில் அது 39.3 சதவீதமாக இருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, சீர்செய்துகொண்ட அந்தக் குழுவினரின் உடல் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை. எடை இயந்திரத்தில் எந்த மாற்றமும் தெரியாத அந்த நாட்களிலும் அவர்களுடைய உணவும் நடையும் உடலுக்கு நன்மை செய்துகொண்டுதான் இருந்தன. "எடைதான் இறங்கலையே, எதுக்கு நடக்கணும்?" என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் முதல் சான்று இதுவே.

சுற்றியிருப்பவர்களின் சொற்களும் ஒருவரைப் பாதியில் நிறுத்தப் போதுமானவை. நம் குடும்பங்களில் ஒருவர் ஐந்து கிலோ இளைத்தால், பாராட்டுக்கு முன்பே "என்னடி, முகமே வாடிப்போச்சு, சுகர் கிகர் வந்துடுச்சா?" என்ற கேள்வி வருகிறது. அக்கறையால் கேட்கப்படும் கேள்விதான். ஆனாலும் மாதக்கணக்கான உழைப்பை ஒரு நோயின் அடையாளமாக மாற்றிவிடுகிறது. பெண்களுக்கு முடி உதிர்தலும் ஒரு பெரிய காரணம். மிக வேகமாக எடை குறைத்தவர்களுக்கும் புரதம் போதாமல் பட்டினி கிடந்தவர்களுக்கும் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிரக்கூடும்; பெரும்பாலும் அது மீண்டும் வளர்ந்துவிடும் என்றாலும், அந்த அச்சத்திலேயே பலர் பழைய உணவுக்குத் திரும்புகிறார்கள். பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை ஒவ்வொரு வேளையும் போதிய அளவு சேர்த்துக்கொண்டு நிதானமாகக் குறைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

எடை நின்ற கட்டத்தில் நான் முதலில் பரிந்துரைப்பது, குறைக்கும் முயற்சியைச் சில வாரங்களுக்கு நிறுத்திவைத்து, வந்த எடையை அப்படியே பிடித்து நிறுத்துவதையே ஒரு வேலையாக எடுத்துக்கொள்வது. தீபாவளியிலிருந்து பொங்கல் வரை எடை ஒரு கிலோவுக்குள் மட்டும் ஏறி இறங்கினால் போதும் என்று ஒப்புக்கொண்டவர்கள், தை மாதத்தில் மீண்டும் குறைக்கும் மனநிலையோடு திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் காலத்தில் எடையை வாரம் ஒரு முறை, காலையில் கழிவறை சென்றுவந்து எதுவும் உண்பதற்கு முன் பார்த்தால் போதும். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில் டேப்பால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் வரம்பாகக் கொள்ளப்படுகின்றன. எடை மாறாத மாதத்திலும் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர் குறைவது உண்டு.

அடுத்ததாக, வீட்டின் மாதச் சரக்குப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்கிறேன். நான்கு பேர் உள்ள குடும்பத்தில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 கிராம், அதாவது 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டுமே சேர்கிறது. தொடக்கத்தில் ஸ்பூனால் அளந்து ஊற்றியவர்கள் நான்காம் மாதத்தில் கைப்பழக்கத்தில் ஊற்றத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டாவது காபியும் அதன் சர்க்கரையும், பிள்ளை தட்டில் மிச்சம் வைத்த தோசையும் யாருடைய கணக்கிலும் வராமலே திரும்பிவிடுகின்றன. மூன்று நாட்களுக்கு உண்டதையெல்லாம் எழுதிப் பார்த்தால் இவை தாமாகவே வெளிப்படும். யாரையும் குற்றம் சொல்வதற்காக அந்தக் குறிப்பைக் கேட்பதில்லை. 82 கிலோ உடலுக்காக வகுத்த உணவை 76 கிலோ உடலுக்கு ஏற்றபடி திருத்தி எழுத எனக்கு அது தேவைப்படுகிறது. நடை தடைபடும் மழை நாட்களில், நாற்காலியில் அமர்ந்து எழுவதும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடிய பயிற்சிகள். தசை கரையாமல் காக்க நடையைவிட இவையே அதிகம் உதவுகின்றன.

கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் காலை எடை ஒன்றரை கிலோ ஏறியிருப்பதைப் பார்த்து, "அதான் கெட்டுப்போச்சே, இனிமே அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று முடிவெடுப்பவர்கள் ஏராளம். ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகையாக உண்ண வேண்டும். எந்தப் பந்தியிலும் ஒரே வேளையில் அது நடக்காது. அப்பளமும் ஊறுகாயும் கொண்டுவந்த உப்பு பிடித்துவைத்த தண்ணீரும் இன்னும் செரித்து வெளியேறாத உணவுமே அந்த ஏற்றம். அடுத்த வேளையே வழக்கமான உணவுக்குத் திரும்பினால் மூன்று நான்கு நாட்களில் அது இறங்கிவிடும். உண்மையான எடையேற்றம், அந்த ஒரு நாளுக்குப் பிறகு கைவிடப்படும் முப்பது நாட்களில்தான் சேர்கிறது.

எல்லாத் தேக்கத்தையும் உணவால் விளக்கிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, குறட்டையோடு கூடிய தூக்கக் கோளாறு ஆகியவையும், இன்சுலின், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் ஆகியவையும் எடை இறங்குவதைத் தடுக்கலாம். மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். எடைக் குறைப்பு ஊசிகளைப் பற்றி இப்போது பலரும் கேட்கிறார்கள். தகுதியுள்ளவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் அவை நன்கு பயனளிக்கின்றன, ஆனால் நிறுத்தியபின் இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உணவிலும் நடையிலும் மட்டுமல்லாமல் வேலை, குடும்பம், முன்பு விரும்பிச் செய்தவை என எல்லாவற்றிலும் இரண்டு வாரங்களுக்கு மேல் நாட்டம் அற்றுப்போயிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். 14416 என்ற எண்ணில், டெலி மானஸ் எனும் அரசின் மனநல உதவிச் சேவையில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

எடை நின்றுபோய், போவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் உணவியல் ஆலோசகரிடம் இந்த வாரமே நேரம் கேளுங்கள். போகும்போது மூன்று நாள் உணவுக் குறிப்பு, மாதச் சரக்குப் பட்டியல், தற்போது உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டு, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எடை இயந்திரத்தில் ஏற விருப்பமில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். அந்த எண் இல்லாமலே அடுத்த மூன்று மாதங்களுக்கான உணவைத் திட்டமிட முடியும்.