பழைய சப்வூபருக்குப் பெரிய ட்ரான்ஸ்போமர் பூட்டுவதற்கு முன்

யாழ்ப்பாணத்தில் ஒலிக் கருவிகள் திருத்தும் தொழிலில் இருப்பதால், பாவித்த சப்வூபரை (பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டியை) மலிவாக வாங்கி, வீட்டில் கிடக்கும் உதிரிப்பாகங்களைக் கொண்டு அதன் சத்தத்தைக் கூட்ட முயலும் இளைஞர்களை அடிக்கடி சந்திக்கிறேன். நானும் அவ்வாறே தொழில் பழகியவன் என்பதால் அந்த ஆர்வத்தை மதிக்கிறேன். ஆயினும், பெரும்பாலானவர்கள் முதலில் கைவைப்பது கடைசியில் தொட வேண்டிய, வீட்டு மின்னின் வோல்ற்றைக் குறைத்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்போமரில்தான்.

இங்குள்ள திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த பெட்டியில், நடு வயரிலிருந்து இரு பக்கமும் 12 வோல்ற் தரும் 12-0-12 ட்ரான்ஸ்போமரைக் கழற்றிவிட்டு, பழைய அம்பிளிபயர் ஒன்றிலிருந்த 18-0-18 பூட்டப்பட்டிருந்தது. ஏசி 12 வோல்ற், அதை டிசியாக மாற்றும் டயோட்டுகளைக் கடந்து, மின்னைத் தேக்கும் கப்பாசிற்றரில் நிறையும்போது ஏறத்தாழ 16 வோல்ற் டிசி ஆகிறது. 18 வோல்ற்றோ 25 வோல்ற்றை எட்டிவிடுகிறது. அந்தப் பெட்டியில் ஒலியைப் பெருக்கும் டிடிஏ 2030 ஐசி, நேர், மறை ஆகிய இரு பக்கமும் 18 வோல்ற்றுக்கு மேல் தாங்காது; கப்பாசிற்றர்களின் எல்லையும் 25 வோல்ற்தான். ஐசி சோர்ட்டாகி, டிசி நேரே ஸ்பீக்கருக்குள் பாய்ந்து கொயிலை எரித்துவிட்டது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ முன்னரே செப்புக் கம்பியைச் சுற்றியிருந்தபடியால் ட்ரான்ஸ்போமரும் கருகி, அதனடிப் பலகையும் கரியாகியிருந்தது. தாயார் மணம் பிடித்து ப்ளக்கைக் கழற்றியதால் தீ பரவவில்லை.

"வீட்டில் ட்ரிப் சுவிற்ச் இருக்கிறதே, அண்ணை" என்று அந்தத் தம்பி கேட்டார். ட்ரிப் சுவிற்ச் நிலத்துக்குக் கசியும் மின்னைத்தான் அறியும். சிறிய ட்ரான்ஸ்போமர் அளவுக்கு மீறிச் சூடாவதை அது அறியாது. அதைத் தடுப்பது பெட்டிக்குள் இருக்கும், சரியான அளவுள்ள பியூஸ் மட்டுமே. பாவித்த பெட்டியை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பியூஸையும், 230 வோல்ற் வரும் வயரின் நிலையையும்தான்.

சத்தம் உண்மையில் கூடுவது வேறு இடங்களில். வாற்றை இரட்டிப்பாக்கினாலும் சத்தத்தின் அளவில் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு அது சிறிய வித்தியாசம். மாறாக, பெட்டியின் மூட்டுகளில் காற்றுக் கசியும் இடங்களை மரப் பசையால் அடைத்து, உக்கிப்போன ஸ்பீக்கர் விளிம்பை மாற்றினால், பேஸ் முன்னரைவிடத் தெளிவாக எழும். குருநகர், பாசையூர் போன்ற கரையோரப் பகுதிகளிலிருந்து வரும் பெட்டிகளில் உப்புக் காற்றால் களிம்பேறிய இணைப்புகளைச் சுத்தம் செய்து மீண்டும் ஈயம் பற்றவைப்பதே பாதி வேலையாகிவிடுகிறது. இரைச்சல் இருந்தால், 2200 மைக்ரோபரட் 25 வோல்ற் கப்பாசிற்றர்களுக்குப் பதிலாக 4700 மைக்ரோபரட் 35 வோல்ற் போடலாம். பூட்டும்போது நேர், மறை முனைகள் மாறினால் அவை வெடிக்கும். ஐசியை மாற்றும்போது அதன் முதுகிலுள்ள, மின்னைக் கடத்தாத மைக்காத் தகட்டைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் டிடிஏ 2030இன் உலோக முதுகு மறை மின்னோடு இணைந்திருக்கிறது.

காரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரைப் பொருத்துவதாயின் அதன் மின்தடையை, அதாவது ஓம் அளவை, மீற்றரால் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் 3 ஓமுக்குச் சற்று மேலாகக் காட்டுவது இயல்பு. இரண்டு 4 ஓம் கொயில்கள் உள்ள ஸ்பீக்கரைச் சமாந்தரமாக இணைத்தால் 2 ஓமாகிவிடும். சிறிய ஐசி அதைத் தாங்காது.

வேலை முடிந்தபின் நேரே ப்ளக்கில் செருகாமல், 60 வாற்றுப் பழைய இழை பல்ப் ஒன்றைத் தொடரில் இணைத்து மின்னைக் கொடுங்கள். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. பல்ப் ஒருகணம் எரிந்து மங்கினால் பெரிய சோர்ட் எதுவுமில்லை. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் ப்ளக்கைக் கழற்றி, கப்பாசிற்றர்களில் மீதமிருக்கும் மின்னை ஒரு தடையினூடாக இறக்கிய பின்னரே உள்ளே கைவையுங்கள்.