சி.ஆர்.பி.யைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்

சென்ற வாரத்தில் மட்டும் அவர் மூன்றாவது ஆள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மெலிந்த கை கால், சட்டைப் பொத்தானை முட்டும் வயிறு. உட்கார்ந்ததும் மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று 'ஃபுல் பாடி செக்கப்' ஃபைல், அதில் சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி, அதாவது உள்வீக்கம் இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். இன்னொன்று மஞ்சள் கிழங்குச் சத்துக் கேப்சூல் டப்பா.

"உடம்புக்குள்ள அழற்சி இருக்காம் டாக்டர். இதைப் போட்டா சரியாயிடும்னு வீடியோல சொன்னாங்க."

அதே ஃபைலில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118, சர்க்கரை நோயின் விளிம்பு. அதை யாரும் வட்டமிடவில்லை.

வீடியோவில் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அழற்சிக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு. பருத்த எலிகளின் கொழுப்புத் திசு, டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதை 1993இல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதை முடக்கியதும் இன்சுலின் மறுபடி நன்றாக வேலை செய்தது. மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் அந்தக் கொழுப்புக்குள் கூட்டமாகக் குடியேறுவது 2003இல் தெரியவந்தது. அப்புறம் நடப்பது தெரிந்த கதைதான்: தசையும் ஈரலும் இன்சுலின் சொல் கேட்பதில்லை, கணையம் கூடுதலாகச் சுரந்து சுரந்து களைக்கிறது.

இதிலிருந்து, "அப்படியானால் அழற்சியை மாத்திரை போட்டு அடக்கினால் போதும்" என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் என்னைக் கடுப்பேற்றுகிறது. மருத்துவ உலகம் இதை முயன்று பார்க்கவில்லையா? ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த சாலிசிலேட் சர்க்கரையைக் குறைக்கும் என்று ஜெர்மனியில் எப்ஸ்டைன் என்ற மருத்துவர் 1876லேயே எழுதினார். அதே குடும்பத்துச் சால்சலேட்டை அமெரிக்காவில் 48 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 0.4 புள்ளி கூடக் குறையவில்லை. கெட்ட கொழுப்பும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் கூடின. எலிக்குப் பலித்த டி.என்.எஃப். தடுப்பு, சர்க்கரை நோயாளிகளிடம் சோதித்தபோது இன்சுலினுக்கு உதவவில்லை. எரிவதைப் பிடுங்கினால்தான் கொதிப்பது அடங்கும். இங்கே எரிவது தொப்பைக் கொழுப்பு.

குழம்பில் போடும் மஞ்சளோடு எனக்குச் சண்டையில்லை. மிளகுச் சத்து சேர்த்து அடர்த்தியாக்கிய கேப்சூல் வேறு சங்கதி. அதனால் ஈரல் கெட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். அழற்சிக்கென்று வலி மாத்திரையைத் தினமும் விழுங்குபவர்களும் என்னிடம் வருகிறார்கள். சர்க்கரையும் இருந்து இதையும் போட்டால் சிறுநீரகம் என்ன ஆகும்? தயவுசெய்து நிறுத்துங்கள்.

சி.ஆர்.பி. சளிக்கும் ஏறும், சீழ் வைத்த பல்லுக்கும் ஏறும். இவருக்குக் கடைவாய் ஈறு வீங்கியிருந்தது. முதலில் பல் மருத்துவரிடம் அனுப்பினேன். (பேக்கேஜில் எழுபது சோதனை செய்தவர்கள் வாயைத் திறக்கச் சொல்லவில்லை.)

"நான் குண்டு இல்லையே டாக்டர்?" என்றார். நம் ஊர் உடம்பில் எடை மெஷின் பாதி உண்மையைத்தான் சொல்லும். அரைஞாண் கயிற்றைக் கேளுங்கள். வருடா வருடம் தளர்த்திக் கட்டுகிறீர்களா? சரி, டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால் சி.ஆர்.பி.க்குச் செலவழிக்காதீர்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள்.

அப்புறம் நடை. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் ஆபத்தை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை 26.4. அதுவும் எடை பெரிதாக இறங்காமலேயே. ஆகவே ஒரு மாதம் நடந்தும் முள் நகரவில்லை என்று செருப்பைக் கழற்றி மூலையில் போடாதீர்கள். இரவு பத்து மணிப் பரோட்டாவை விடுங்கள். தூங்குங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பின்கழுத்து வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு இல்லை. ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதைத் தோல் சொல்கிறது. பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தோலை உரிக்காதீர்கள். ஒருமுறை கூட்டி வந்து காட்டுங்கள். வரும் வழியில் பிள்ளையைத் திட்டாமல்.