ஜி.என்.எம் நர்சிங் சேரப் போறீங்களா? பில்டிங்க பாக்காதீங்க, ஆஸ்பத்திரிய பாருங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்தா போதும், எங்க தெருவுல ரெண்டு மூணு வீட்லயாவது வந்து கேப்பாங்க, "அக்கா, பொண்ண நர்சிங் சேக்கலாம்னு இருக்கோம், எங்க சேக்குறது, எவ்ளோ ஆகும்"னு. நான் அரசு நர்சிங் ஸ்கூல்ல டிப்ளமோ படிச்சுட்டு ஸ்டாஃப் நர்சா இருக்கேன், அதனால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு தோணுச்சு.

முதல்ல இது என்ன படிப்புன்னு சொல்லிடறேன். ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி (மிட்வைஃபரின்னா பிரசவம் பாக்குறது), சுருக்கமா ஜி.என்.எம், நம்ம ஊர் அரசு அறிவிப்புல டிப்ளமோ நர்சிங்னு வரும். மூணு வருஷம். இந்திய நர்சிங் கவுன்சில் போட்ட பாடத்திட்டம்தான் நாடு முழுக்க, மூணாவது வருஷத்தோட கடைசி ஆறு மாசம் இன்டர்ன்ஷிப்பும் அதுக்குள்ளயே வந்துடும். காலேஜ்ல உக்காந்து படிக்கிற படிப்பு இல்ல இது, ஆஸ்பத்திரியோட ஒட்டி இருக்கிற ஸ்கூல்ல சேர்ந்து வார்டுலயே கத்துக்கிற படிப்பு. நம்ம ஊருக்கு இது ரொம்ப பழசு, 1871லயே சென்னை ஜி.எச்ல, அதான் இன்னிக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, அங்க ஆறு மாச மிட்வைஃப் டிப்ளமோவ நாலு பேரோட ஆரம்பிச்சாங்க. இந்தியாவோட முதல் நர்சிங் ஸ்கூல்னு எங்க பாடத்துலயே அதத்தான் சொல்லுவாங்க.

யார் சேரலாம்? கவுன்சில் விதிப்படி பிளஸ் டூ பாஸ் ஆகணும், மொத்தத்துல 40 சதவீதம் வேணும், இங்கிலீஷ்ல தனியா பாஸ் ஆகி இருக்கணும், சேர்ற வருஷம் டிசம்பர் 31க்குள்ள 17 வயசு முடிஞ்சிருக்கணும், மேல் வயசு 35. ஏற்கனவே ஏ.என்.எம், அதாவது துணை செவிலியர் படிப்பு முடிச்சு பதிவு பண்ணவங்களும் சேரலாம். எந்த குரூப்பா இருந்தாலும் கவுன்சில் ஒத்துக்குது, ஆனா சயின்ஸ் படிச்சவங்களுக்கு முன்னுரிமைன்னு சொல்லுது, அதனால அரசு கவுன்சிலிங்குக்கு போடுறவங்க அந்த வருஷ ப்ராஸ்பெக்டஸ்ல என்ன குரூப், என்ன வயசு போட்டிருக்குன்னு வரி வரியா படிச்சுட்டு போடுங்க, போன வருஷம் அக்கா சேர்ந்தாளே அப்டின்னு கண்ண மூடிட்டு போடாதீங்க. நீட் எல்லாம் இதுக்கு வேண்டாம், இத ரொம்ப பேர் பயந்துட்டே கேக்குறாங்க.

அரசு ஸ்கூல்கள் எல்லாம் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளோட சேர்ந்துதான் இருக்கு. விண்ணப்பம் வாங்குறது சென்னை கீழ்ப்பாக்கத்துல இருக்கிற மருத்துவக் கல்வி இயக்ககத்தோட தேர்வுக்குழு, ஆன்லைன்லதான் போடணும். பிளஸ் டூ மார்க்க வச்சு ரேங்க் லிஸ்ட் போட்டு கவுன்சிலிங் நடத்துவாங்க. இடஒதுக்கீடு மத்த படிப்புக்கு இருக்கிற அதே 69 சதவீதம்தான், பி.சி 26.5, பி.சி முஸ்லிம் 3.5, எம்.பி.சி 20, எஸ்.சி 18 (அருந்ததியர் 3 இதுக்குள்ளயே வந்துடும்), எஸ்.டி 1, மிச்சம் 31 பொதுப்பிரிவு. இதுல ஒரு விஷயம், இந்த அறிவிப்பு ரிசல்ட் வந்த உடனே வராது, சில மாசம் கழிச்சு கூட வரும். அந்த இடைவெளியிலதான் வீட்ல பொறுமை போய் ஏதோ ஒரு இடத்துல பணத்த கட்டி சேத்து விட்டுடறாங்க. தயவு செஞ்சு வெயிட் பண்ணுங்க, அரசு ஸ்கூல்ல படிச்சா செலவு ரொம்ப ரொம்ப கம்மி.

இந்த இடத்துல எங்க சித்தி பொண்ணு கதைய சொல்லியே ஆகணும். "ஒரு வருஷ நர்சிங், படிச்ச உடனே வேலை"ன்னு போர்டு போட்ட ஒரு இன்ஸ்டிட்யூட்ல சேர்ந்தா, சித்தி தாலிக்கொடிய அடகு வச்சு பீஸ் கட்டுனாங்க. முடிச்சு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்து எங்கிட்ட காட்டுறா, அதுல நர்சிங் அசிஸ்டன்ட்னு இருக்கு. அத வச்சு நர்ஸா பதிவு பண்ண முடியாது, அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பமும் போட முடியாது. ஒரு சின்ன கிளினிக்ல டிரெஸ்ஸிங் பண்ணிட்டு இருந்தா, அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடி முதல்ல இருந்து ஜி.என்.எம் சேர்ந்தா. அந்த அசிஸ்டன்ட் வேலையும் நல்ல வேலைதான், அத நான் குறைச்சு சொல்லல, ஆனா அசிஸ்டன்ட் படிப்புன்னு சொல்லி சேக்கணும், நர்ஸ்னு சொல்லி சேக்கக் கூடாது. அந்த கோவம் எனக்கு இன்னும் போகல.

அதனால தனியார்ல சேர்றதா இருந்தா பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. அந்த ஸ்கூல் பேரு இந்திய நர்சிங் கவுன்சில் லிஸ்ட்ல இருக்கா, தமிழ்நாடு நர்ஸ் மற்றும் தாதியர் கவுன்சில் லிஸ்ட்ல இருக்கா, ரெண்டுலயும் இருக்கணும், அதுவும் நீங்க சேர்ற வருஷத்துக்கு இருக்கணும், பழைய லெட்டர ஃப்ரேம் போட்டு மாட்டி வச்சிருக்கறத நம்பாதீங்க. இது ரெண்டு. மூணாவதுதான் முக்கியம், ஆஸ்பத்திரி எங்க? ஜி.என்.எம் ஸ்கூலுக்கு குறைஞ்சது 100 படுக்கை உள்ள சொந்த ஆஸ்பத்திரி வேணும்னு கவுன்சில் கேக்குது, ஒரு மாணவிக்கு மூணு நோயாளியாவது இருக்கணும்னும் சொல்லுது. நேர்ல போங்க. ரிசப்ஷன்ல ஏசி இருக்கான்னு பாக்காம "வார்டு பாக்கலாமா"ன்னு கேளுங்க, பெட்ல நிஜமா ஆளுங்க படுத்திருக்காங்களா, பிரசவ வார்டுல மாசத்துக்கு எத்தன பிரசவம் ஆகுதுன்னு அங்க இருக்கிற ஸ்டாஃப் கிட்ட கேளுங்க, முடிஞ்சா ரெண்டாவது வருஷ பொண்ணு ஒருத்திய தனியா புடிச்சு "உங்கள எந்த வார்டுக்கு அனுப்புறாங்க, நைட் டூட்டி இருக்கா"ன்னு கேளுங்க, அவ சொல்ற பதில்லயே எல்லாம் தெரிஞ்சுடும். பிரசவம் நடக்காத ஆஸ்பத்திரில மிட்வைஃபரி எப்படி கத்துக்க முடியும், பொம்மைய வச்சு எவ்ளோ நாள் பழகுறது? ஒரிஜினல் சர்டிபிகேட்ட கேட்டா ரசீது வாங்காம குடுக்காதீங்க, அஞ்சு செட் செராக்ஸ் எடுத்து வச்சுக்கோங்க.

தனியார் எல்லாமே மோசம்னு நான் சொல்ல வரல. வேலூர் சி.எம்.சில 1909ல ஐடா ஸ்கடர் அம்மா காலத்துல ஆரம்பிச்ச நர்சிங் பயிற்சி இன்னி வரைக்கும் பேர் வாங்கிட்டு இருக்கு, காரணம் அதே தான், பக்கத்துலயே அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி.

பண உதவின்னு பாத்தா, 6ல இருந்து 12 வரைக்கும் அரசு பள்ளில படிச்ச பொண்ணா இருந்தா புதுமைப் பெண் திட்டம் இருக்கு, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல உள்ளது, 2022 செப்டம்பர் 5 ஆரம்பிச்சாங்க, மாசம் 1000 ரூபா நேரா பேங்க் அக்கவுண்ட்டுக்கு வரும், டிப்ளமோவுக்கும் உண்டு. பின்னாடி அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் மீடியம் படிச்சவங்களையும் சேத்துட்டாங்க. பசங்களுக்கு 2024 ஆகஸ்ட்ல தமிழ்ப் புதல்வன்னு அதே மாதிரி வந்துச்சு. சேர்ந்த உடனே ஸ்கூல் ஆபீஸ்ல இதுக்கு பொறுப்பா இருக்கிறவங்க யாருன்னு கேட்டு பேர் குடுங்க, அக்கவுண்ட் பொண்ணு பேர்லயே இருக்கணும், ஆதார் லிங்க் ஆகி இருக்கணும், இது ஆகாததால மாசக்கணக்கா காசு வராம இருந்த பிள்ளைங்கள பாத்திருக்கேன். எஸ்.சி, எஸ்.டி பிள்ளைங்களுக்கு வீட்டு வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் தனி.

சரி, அறிவிப்பு வர்ற வரைக்கும் என்ன பண்றது? பேப்பர் வேலைய முடிங்க. சாதிச் சான்று ஆன்லைன் சான்றா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா இ-சேவை மையத்துல 60 ரூபா கட்டி போடுங்க, வருமானச் சான்றும் அங்கயே. நடுவுல வெளி மாநிலத்துல படிச்சிருந்தா நேட்டிவிட்டி, அதான் இருப்பிடச் சான்றும் வேணும். பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கிற பேரும் ஆதார்ல இருக்கிற பேரும் இனிஷியல் வரைக்கும் ஒண்ணா இருக்கணும், இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், கவுன்சிலிங் டேபிள்ல போய் நிக்கும்போதுதான் வலி தெரியும்.

அப்புறம் ஹெபடைடிஸ் பி ஊசி. இத யாரும் முன்னாடியே சொல்றது இல்ல. மூணு டோஸ், முதல் ஊசி போட்டு ஒரு மாசம் கழிச்சு ரெண்டாவது, ஆறாவது மாசம் மூணாவது. சேர்ந்தப்புறம் ஆரம்பிச்சா நீங்க வார்டுல ஊசி குத்தவும் ரத்தம் எடுக்கவும் பழகுற காலத்துல பாதுகாப்பு முழுசா வந்திருக்காது, அதனால இப்பவே முதல் டோஸ் போட்டுருங்க.

படிப்புல, பதினொண்ணாவது பயாலஜி புக்ல மனுஷ உடம்பு பாடங்கள மட்டும் மறுபடி படிங்க, முதல் வருஷ அனாடமி ஃபிசியாலஜிக்கு அதான் அடித்தளம், கூடவே மைக்ரோபயாலஜி, சைக்காலஜி, சோசியாலஜி, நியூட்ரிஷன், ஃபர்ஸ்ட் எய்ட், நர்சிங் ஃபவுண்டேஷன் எல்லாம் வரும். பாடம், பரீட்சை ரெண்டுமே இங்கிலீஷ். தமிழ் மீடியம் பிள்ளைங்க இதுக்குத்தான் அழுவாங்க, நானும் முதல் மூணு மாசம் ஹாஸ்டல் பாத்ரூம்ல அழுதவதான், ஆனா தினம் பத்து வார்த்தைன்னு டிக்‌ஷனரி வச்சு எழுதுனா ஆறு மாசத்துல பிடிபட்டுரும், உண்மையாவே பிடிபட்டுரும். கணக்கையும் விட்றாதீங்க. 500 எம்.எல் டிரிப் எட்டு மணி நேரத்துல போகணும், ஒரு எம்.எல்லுக்கு 20 சொட்டுன்னா நிமிஷத்துக்கு எத்தன சொட்டு? 500ஐ 20ஆல பெருக்கி 480 நிமிஷத்தால வகுத்தா கிட்டத்தட்ட 21. இத வார்டுல பேஷண்ட் பக்கத்துல நின்னுட்டு மனசுலயே போடணும், அதனால இப்ப இருந்தே பழகிக்கோங்க.

ஒழுங்கா போகணும்ங்கறதும் இதுல ரொம்ப கண்டிப்பு. பரீட்சை எழுத 80 சதவீத அட்டெண்டன்ஸ், ஆனா டிப்ளமோ கைக்கு வரணும்னா வார்டு பயிற்சி 100 சதவீதம் முடிச்சிருக்கணும், லீவ் போட்ட நாள பின்னாடி டூட்டி பாத்து ஈடு கட்டணும். அக்கா கல்யாணம், ஊர் திருவிழான்னு லீவ் போட்டுட்டு கடைசில பேட்ச் எல்லாம் வீட்டுக்கு போனப்புறம் தனியா டூட்டி பாத்துட்டு இருந்தவங்க எங்க செட்லயே இருந்தாங்க.

முடிச்ச உடனே தமிழ்நாடு கவுன்சில்ல நர்ஸா பதிவு பண்ணுங்க, பதிவு ஆகாம வேலைக்கு போகாதீங்க. அரசு ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு எம்.ஆர்.பி, அதாவது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துற பரீட்சை, அதுக்கு டிப்ளமோவே போதும், பி.எஸ்சி படிச்சவங்களும் இதே பரீட்சைதான் எழுதுறாங்க. முதல்ல தொகுப்பூதியம்தான், அதாவது மாசம் ஒரே மொத்தத் தொகை, 2015ல 7,700 ரூபால எடுத்தாங்க, போராடிப் போராடித்தான் அது 14,000, 18,000னு ஏறுச்சு, நிரந்தர இடம் காலியாக ஆகத்தான் ரெகுலர் ஆக்குவாங்க, அதுக்கு வருஷக்கணக்கா காத்திருந்தவங்க இருக்காங்க, இத தெரிஞ்சுட்டே வாங்க. வெளிநாடு போகணும், டீச்சிங் போகணும்னு நினைக்கிறவங்க பதிவுக்கு அப்புறம் ரெண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படிச்சுக்கலாம். எங்க சித்தி பொண்ணு இப்ப அதுலதான் முதல் வருஷம் படிக்கிறா.