பிளேசார்: பல்லிக்குள் இருந்து வந்த சொல்

1978ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு வானியல் மாநாடு நடந்தது. அதன் விருந்தில் எட் ஸ்பீகல் என்ற வானியலாளர் ஒருவகை விண்பொருளுக்குப் பாதி விளையாட்டாக ஒரு சொல்லை எடுத்துவிட்டார்: பிளேசார். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி; முதலில் அந்தச் சொல்லின் கதை. 'பி.எல். லாக்' என்ற பொருளின் பெயரையும் 'குவேசார்' என்ற சொல்லையும் ஒட்டவைத்த சொல் அது. கொழுந்துவிட்டு எரிவதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'பிளேஸ்' என்ற சொல்லும் உள்ளே ஒளிந்திருப்பதால் சட்டென்று ஒட்டிக்கொண்டது.

ஒட்டின இரண்டு பாதியுமே தப்புக்கணக்கில் பிறந்தவை என்பதுதான் வேடிக்கை. 1929ல் ஜெர்மானியர் கூனோ ஹோஃப்மைஸ்டர், வானில் பல்லி உருவமாகச் சொல்லப்படும் லசெர்ட்டா விண்மீன் குழுவில், மினுக்கம் கூடிக் குறையும் ஒரு புள்ளியைக் கண்டார். ஏதோ மாறும் விண்மீன் என்று பட்டியலில் ஏற்றி, வழக்கப்படி இரண்டு எழுத்து கொடுத்தார்கள்: பி.எல். லசெர்ட்டே. 'பல்லியின் பி.எல்.' என்று அர்த்தம்; சுருக்கமாக பி.எல். லாக். 1968ல்தான் அதே இடத்திலிருந்து பலமான ரேடியோ அலைகள் வருவது தெரிந்தது. 1974ல் தூரத்தை அளந்தபோது, கிட்டத்தட்ட 90 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு விண்மீன் மண்டலத்தின் (கேலக்ஸியின்) நடுக்கரு என்று விளங்கியது. குவேசாரின் கதையும் இதேதான். 'விண்மீன் மாதிரி தெரிவது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது; 1964ல் ஹாங்-யீ சியு என்ற வானியற்பியலாளர் சுருக்கியது. ஆக, விண்மீன் என்று நினைத்தது ஒன்று, விண்மீன் மாதிரி இருப்பது இன்னொன்று. இரண்டுமே விண்மீன் இல்லை!

சரி, பிளேசார் என்பது என்ன? சில விண்மீன் மண்டலங்களின் நடுவே ராட்சதக் கருந்துளை ஒன்று சுற்றியுள்ள வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும். உள்ளே போகாத கொஞ்சம் பொருள், இரண்டு எதிரெதிர்த் திசைகளில், ஒளியின் வேகத்தை நெருங்கிப் பீய்ச்சி அடிக்கும். இந்தப் பீச்சுக்கு அறிவியல் தமிழில் 'தாரை' என்ற நல்ல சொல் ஏற்கெனவே உண்டு. அந்தத் தாரைகளில் ஒன்று ஏறத்தாழ நம் முகத்துக்கு நேரே வந்தால் அதுதான் பிளேசார். இரவு நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரி ஹெட்லைட்டை டிம் செய்யாமல் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பாதையில் நிற்பவருக்கு அது வெறும் லாரி. நமக்கு மட்டும் கண் கூசுகிறது. தாரையின் வேகத்தால் ஒளி பலமடங்கு பெருகுகிறது, அதன் மாற்றங்களும் நமக்கு வேகமாக நடப்பதுபோலத் தெரிகின்றன. 2006 ஜூலையில் பி.கே.எஸ். 2155-304 என்ற பிளேசார், நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைநோக்கிகளுக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்குள் மினுக்கம் ஏறி இறங்கிக் காட்டியது.

அந்தத் தொலைநோக்கிகள் பார்ப்பது மீயாற்றல் காமாக் கதிர்களை. கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகளின் ஆற்றல் 2, 3 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு). இந்தக் கதிர்களுக்குப் பத்தாயிரம் கோடியிலிருந்துதான் கணக்கே தொடங்குகிறது. ஆனால் ஒன்றுகூடத் தரைக்கு வந்து சேராது. காற்றில் மோதித் துகள் மழையாகச் சிதறும். அந்தத் துகள்கள் காற்றுக்குள் ஒளியை முந்திப் பாயும்போது நீல நிறத்தில் ஒரு மினுக்கு. செரென்கோவ் ஒளி என்று பெயர். வினாடியை நூறு கோடியாக நறுக்கினால் அதில் சில துண்டு நேரம்தான் இருக்கும். தரையில் சுமார் 250 மீட்டர் அகலத்துக்குப் பரவி விழும் அந்த மினுக்கைப் பெரிய கண்ணாடியில் ஏந்திப் படமெடுத்து, கதிர் வந்த திசையைக் கணக்கிடுகிறார்கள். அரிசோனாவின் விப்பிள் தொலைநோக்கி 1992ல் இப்படிப் பிடித்ததுதான் மார்க்கரியன் 421 என்ற பிளேசார். சப்தரிஷி மண்டலத் திசையில், சுமார் 40 கோடி ஒளியாண்டு தூரம். நம் பால்வழிக்கு வெளியிலிருந்து இந்த ஆற்றலில் பிடிபட்ட முதல் பொருள் அது. இந்தியாவில் இதற்கான பெரிய கண் லடாக்கின் ஹன்லேயில் இருக்கிறது: மேஸ் தொலைநோக்கி, 21 மீட்டர் விட்டம், 356 கண்ணாடிப் பலகைகள், சுமார் 4,300 மீட்டர் உயரம். 2024 அக்டோபரில் திறந்தார்கள். (டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தார் 1970களிலேயே ஊட்டியில் கண்ணாடிகளை வைத்து இந்த மினுக்கைத் தேடியிருக்கிறார்கள். அப்போது குறி வைத்தது பல்சார்களை, அதாவது விட்டுவிட்டுத் துடிக்கும் விண்மீன்களை.)

இனி தமிழ்ச் சொல். சுடர், தழல் என்று தொடங்கினால் 'பிளேஸ்' மட்டும் வரும். எரிவதெல்லாம் பிளேசார் இல்லையே. ஒலியை அப்படியே எழுதினாலோ பல்லியும் குவேசாரும் வந்து உட்கார்ந்துகொள்ளும், பொருள் வராது. இதில் முக்கியம் திசை. முகத்தில் அடிக்கும் காற்றை எதிர்காற்று என்கிறோம், முகத்தில் விழும் வெயிலை எதிர்வெயில் என்கிறோம். அந்த வரிசையில் 'எதிர்தாரை' என்பது என் தெரிவு. ஒற்று மிகுத்து 'எதிர்த்தாரை' என்று எழுதிவிடாதீர்கள். எதிர்த்தவர்களை என்று வேறு அர்த்தம் வந்துவிடும். முதல்முறை எழுதும்போது 'எதிர்தாரை, அதாவது பிளேசார்' என்று போட்டுவிட்டால் யாருக்கும் குழப்பம் இருக்காது.

ஒரு சோதனையும் வைத்துப் பார்த்தேன். சுமார் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ள எம்87 விண்மீன் மண்டலத்திலும் தாரை உண்டு. 1918லேயே ஹீபர் கர்ட்டிஸ் என்ற வானியலாளர் அதை நேரான ஒரு கீற்றாகப் பார்த்திருக்கிறார். அங்கிருந்தும் மீயாற்றல் காமாக் கதிர்கள் வருகின்றன. ஆனால் தாரை நம்மைப் பார்த்து வரவில்லை, சற்று ஒதுங்கிப் போகிறது. எனவே அது நமக்கு எதிர்தாரை இல்லை. அந்தத் தாரை போகும் திசையில் எங்கோ யாராவது இருந்தால், அவர்களுக்கு அது எதிர்தாரைதான்.